கேட்ட நெற்றிக்கு ஒரு பொட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு இருபதுக்கு எங்கள் ஜீப்பு முந்தலில் வந்து நின்றது. போடிமெட்டிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் சாலை தரையைத் தொடும் இடம் அது. மலை இறங்கும் எந்த ஜீப்பும் அங்கே நின்று, சூடான ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போடிக்குப் போகும். எங்களுக்கு முன்னால் இறங்கிய இரண்டு ஜீப்புகளும் டீக்கடை ஓரம் நின்றிருந்தன. முதல் ஜீப்பிலிருந்து என் கொழுந்தன் இறங்கி வந்தான். தனியாக வந்தான்.

"மலர் எங்க தம்பி?" என்று கேட்டேன்.

"என்ன மதினி, உங்ககூடத்தான வர்றா?" என்றான்.

மலர் என் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது.

இன்றைக்கும் பஸ்சில் ஏறினால் பக்கத்து சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது என் பயத்தைப் பற்றி அல்ல. அந்த நேரத்தில் எனக்குப் பின்னால், ஜீப்பின் படியிலிருந்து ஒரு காலை மட்டும் இறக்கி வைத்தபடி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி.

போடியில் நான் வேலை பார்த்த ஏலக்காய் மண்டிக்கு, எண்பதுகளின் பின்பாதியில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மரப்பெட்டிக்குள் வைக்கோல் திணித்து, ஏதோ சாமி சிலை வருவதைப் போல வந்தது. அதற்குப் பின்னாலேயே மதுரை பஸ்சில் அவர் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. கையில் ஒரு துணிப்பை, ஒரு குடை. மண்டியின் கணக்குகளுக்கெல்லாம் புரோகிராம் எழுதுவது அவர் வேலை. அவர் எழுதித் தருவதைத் தட்டச்சு செய்து உள்ளே ஏற்றுவது என் வேலை. நேரில் அவரை அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் மண்டி முழுவதும் அவருக்கு ஒரே பெயர்தான்: எதக்கா.

காரணம், யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அதுன்னா எது?

ஒரு நாள் லோடு இறக்குகிறவர் வந்து, "அத அங்கன வச்சிட்டேம்மா, அவரு பாத்துக்கிருவாரு" என்றார்.

"எத? எங்கன? எவரு?"

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆத்தாடி! இந்தப் பெட்டியே தேவலாம்போல. அதாச்சும் ஒவ்வொண்ணாக் கேக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, எங்கன வச்சீங்க?" என்றார்.

இன்னொரு முறை, மண்டியில் காய் பொறுக்கும் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தனியாக இருக்கும் பெண்ணைப் பற்றி ஊருக்கு ஒரு கேள்வி இருக்கும் அல்லவா? ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள்: "உங்க வீட்டுக்காரரு எங்க இருக்காருக்கா?"

"மதுரையில."

"வர்றது போறது உண்டா?"

"மாசம் பொறந்தா வந்துருவாரு. வாடகையை எண்ணி வாங்கிக்கிட்டு, கொழாயைப் பாத்துட்டுப் போயிருவாரு."

அந்தப் பெண்களுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் காய் பொறுக்கத் திரும்பிவிட்டார்கள். பிறர் சொல்லை விடாமல் துரத்துகிற அவரை யாரும் துரத்திப் பிடிக்க முடியாது. எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம் இருந்தது என்றால், அது இதனால்தான்.

அவர் புரோகிராமைப் படிக்கும் விதம் வேடிக்கையாக இருக்கும். இரண்டு ஓரமும் துளை போட்ட நீளத் தாளில் அச்செடுத்து, மண்டியின் நடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரித்துவிடுவார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, குனிந்தபடியே அதன் ஓரமாக நகர்ந்து போவார். ஏலச்செடியில் காய் தூரோடு தரையை ஒட்டித்தான் பிடிக்கும். எடுக்கிறவர்கள் நாளெல்லாம் குனிந்தே நகர்வார்கள். அவரைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். "என்னக்கா, காய் தட்டுப்படுதா?" என்பேன். "பூச்சி விழுந்த காயா ஆப்பிடுது" என்பார்.

தாளில் படித்துக் கண் நோகவே, தனக்குப் பதிலாகப் படிக்க ஒரு புரோகிராமையே எழுதினார். மற்ற புரோகிராம்களை ஓட்டிப் பார்க்காமல், எழுத்தை மட்டும் படித்துத் தப்புச் சொல்வது அதன் வேலை. முதலாளிக்கு அது விளங்கவில்லை.

"ஓட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரப்போகுது. இதுக்கு ஒரு தனிச் சோலியா?" என்றார்.

"மொதலாளி, ஜீப்புல பிரேக்கு இருக்கா இல்லையான்னு மெட்டுல இருந்து எறக்கிப் பாத்தாலும் தெரியும். ஆனா தெரியிற நேரத்துல நாம இருக்க மாட்டோம். கீழ படுத்து ஒரு தடவ பாத்துட்டு எறக்குறது நல்லதில்லையா?"

முதலாளி உடனே சம்மதித்துவிட்டார். அவர் வாரம் இருமுறை மெட்டு ஏறி இறங்குகிறவர்.

நாங்கள் அதைப் படிப்பான் என்று அழைத்தோம். நன்றாகத்தான் படித்தது. இந்தப் பெயர் இங்கே வருகிறது, ஆனால் இது இன்னதென்று எங்கும் சொல்லவில்லை என்று அழகாகக் காட்டிக்கொடுக்கும். அக்கா கேட்கும் அதே கேள்விதான்: அதுன்னா எது? ஆனால் காய்களின் தரத்தையும் விலையையும் பார்க்கும் புரோகிராமைக் கொடுத்தால் மட்டும், சிறிது நேரம் திணறிவிட்டு அப்படியே நின்றுவிடும். எந்தப் பொத்தானுக்கும் அசையாது. மின்சாரத்தை நிறுத்தித்தான் மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும். தப்பு எது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் சாகும்.

அக்கா வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கு நின்றார். மின்சாரம் ஏறி இறங்குவதைச் சந்தேகப்பட்டார். ஏலக்காய்த் தூசியைச் சந்தேகப்பட்டார். என் தட்டச்சைச் சந்தேகப்பட்டார். முதலாளிக்கு ஒரே சந்தேகம்தான். "கண்ணு பட்டுருச்சு" என்றார். ஆயுத பூசையன்று கம்ப்யூட்டரின் நெற்றி என்று அவர் கருதிய இடத்தில் தாராளமாகச் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வெளிய வச்ச பொட்டு உள்ள வேலை செய்யாது மொதலாளி."

"செய்யாட்டிப் போகுது. லச்சணமா இருக்குல்ல?"

இருந்தது என்பதை அக்காவும் ஒப்புக்கொண்டார்.

அவர் முகம் வாடிக் கிடந்ததைப் பார்த்துத்தான், மலைக்கு அப்பால் பூப்பாறைப் பக்கம் எங்கள் சொந்தத்தில் நடந்த ஒரு காதுகுத்துக்கு அவரையும் அழைத்துப் போனேன். மலரின் அப்பா அங்கே ஒரு ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். விசேஷம் முடிந்து அவர் மலையிலேயே தங்கிவிட, மற்றவர்கள் மூன்று ஜீப்புகளில் கிளம்பினோம். முதல் ஜீப்பில் சமையல் பாத்திரங்களோடு கொழுந்தன். நடுவில் என் நாத்தனார். கடைசியில் நானும் அக்காவும். மலர் மூன்றுக்கும் பொது. பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான்.

போடிமெட்டில் எல்லையை ஒட்டிச் சோதனைச்சாவடி உண்டு. எங்கள் மலையில் அதைக் கடக்க ஒரு வழக்கம் இருந்தது. ஜீப்பு தாங்கக்கூடியதைப் போல இரண்டு பங்கு ஆள் ஏறியிருப்பார்கள். சாவடிக்கு முந்தைய வளைவில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். ஜீப்பு யோக்கியமாகச் சாவடியைக் கடக்கும். இறங்கியவர்கள் கடைக்கு டீ குடிக்கப் போகிறவர்களைப் போல நடந்து, சாவடியைத் தாண்டி அடுத்த வளைவில் ஏறிக்கொள்வார்கள். சாவடிக்காரர்களுக்கும் இது தெரியும். அவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். இறங்கிய ஜீப்பிலேயே ஏற வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பிள்ளைகளை யார் மடி காலியாக இருக்கிறதோ அங்கே தூக்கிப் போடுவார்கள். எல்லாம் நம் சனம்தானே என்ற தைரியம்.

நடக்கும்போது மலர் என் கையை விட்டுவிட்டு ஓடிப் போய்ச் சித்தப்பாவின் விரலைப் பிடித்ததை நான் பார்த்தேன். ஆகவே அவள் முதல் ஜீப்பில் போகிறாள் என்று நிம்மதியாக மலை இறங்கினேன்.

இப்போது முந்தலில், கொழுந்தன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் பாத்திரத்தை ஏத்தணும்னு அவளை அத்தைகிட்ட அனுப்பிட்டேனே மதினி!" என்றவன், தன் அக்காவான என் நாத்தனாரிடம் திரும்பினான். "அக்கா, மலரு உங்கிட்டத்தான இருக்கா?"

நாத்தனார் ஜீப்பிலிருந்து பாதி இறங்கியவர் அப்படியே நின்றார். "எங்கிட்டயா? பின்னால அம்மா வர்றா, அங்க போன்னு நாந்தான அனுப்பிவிட்டேன். ஏத்தா, உங்கிட்ட வரலையா அவ?"

"எங்கிட்ட எப்படி வருவா? தம்பிகூடப் போனா!"

"எங்கூட இல்லை மதினி! அக்காகிட்ட..."

"எங்கிட்ட இல்லைடா! அவகிட்ட..."

அதற்குப் பிறகு நாங்கள் மனிதர்களாக இல்லை. நான் கொழுந்தனின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் தன் அக்காவிடம் ஓடினான். அவர் என்னிடம் ஓடி வந்து மாரில் அடித்துக்கொண்டார். கேட்டதையே கேட்டோம். சொன்னதையே சொன்னோம். ஒவ்வொரு முறையும், இந்த முறையாவது வேறு பதில் வந்துவிடாதா என்றுதான் கேட்டோம். மூன்று ஜீப்பு சனமும் இறங்கி எங்களோடு சேர்ந்து கத்தியது. ஒருவர் பாத்திரங்களுக்கு நடுவே தேடினார். இன்னொருவர் போடிக்கு விரட்டச் சொன்னார், வேறு யார் ஜீப்பிலாவது ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று. மலையைப் பார்த்தேன். மேல் வளைவுகளைப் பனி மூட ஆரம்பித்திருந்தது. அந்தச் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. காட்டுமாடு குறுக்கே நிற்கும் சாலை அது.

அப்போது என் நெற்றியில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது.

அக்கா. அவர் கையில் விசேஷத்துச் சந்தனக் கிண்ணம் இருந்தது. என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, "உங்ககிட்ட இல்லை" என்றார். கொழுந்தனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி ஒரு பொட்டு. "இவருகிட்ட இல்லை." நாத்தனாருக்கு ஒரு பொட்டு. "இவங்ககிட்ட இல்லை."

"ஏம்மா, கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" என்று நாத்தனார் அலறினார். "பிள்ளையைக் காணலைங்கிறோம், பொட்டு வைக்கிற!"

"பொட்டு வச்சவங்ககிட்ட இனி யாரும் கேக்கக்கூடாது. கேட்டா இதே வட்டத்துலதான் சுத்துவீங்க. பொட்டு இல்லாதவங்களை மட்டும் கேளுங்க."

அவர் குரல் உயரவே இல்லை. டிரைவர்களுக்கு, சமையல்காரருக்கு, மற்ற பிள்ளைகளுக்கு, பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்த கிழவருக்கு என்று ஒவ்வொருவராகக் கேட்டு, இல்லை என்றதும் பொட்டு வைத்துக்கொண்டே போனார். கத்தல் தானாக அடங்கியது. நெற்றியில் ஈரச் சந்தனத்தோடு யாராலும் கத்த முடியவில்லை. கடைசியில் பொட்டில்லாத நெற்றி ஒன்றுகூட அங்கே மிச்சமில்லை.

"சரி. அப்ப இங்க இல்லை" என்றார். அந்தச் சொல் எனக்குக் கத்தி மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு முன்புவரை அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவிருக்கவில்லை. "இனி, அவ இவருகூட இருப்பான்னு நெனச்சதெல்லாம் வேண்டாம். கண்ணால கடைசியாப் பாத்தது யாரு?"

எங்கள் மூவரில் கடைசி நாத்தனார்தான். அழுதுகொண்டே சொன்னார்: சாவடியைத் தாண்டி, டீக்கடைக்கு இந்தப் பக்கம். கடைசி ஜீப்பை நோக்கி அவள் நடந்தாள். அதற்குள் தன் ஜீப்பு கிளம்பிவிட்டது.

"கடைசி ஜீப்புக்கு அவ வந்து சேரலை. அப்ப அந்தக் கடைக்கும் எங்க ஜீப்பு நின்ன எடத்துக்கும் நடுவுல. தம்பி, வண்டியைத் திருப்பு. பாரத்தை எறக்கிட்டு வெரசாப் போ."

நானும் ஏறப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இங்கனயே இருங்க."

"எம்பிள்ளைக்கா!"

"அதுக்குத்தான். யாராச்சும் பிள்ளையைக் கொண்டாந்தா முந்தல்ல நிப்பாட்டாமப் போக மாட்டாக. கொண்டாரவுகளுக்கு நீங்க ஒரே எடத்துல இருக்கணும். நீங்களும் நகந்துட்டா, பிள்ளை உங்களைத் தேட, நீங்க பிள்ளையைத் தேட, மறுபடி அதே சுத்துதான்."

நான் அவரைத் திட்டினேன். பிள்ளை பெற்றவளுக்குத்தானே தெரியும் என்றுகூடச் சொன்னேன். அவர் பிடியை விடவில்லை. கொழுந்தன் ஓட்டிய ஜீப்பு முதல் வளைவில் மறைந்தது. கடையில் தொலைபேசி கிடையாது. மேலே என்ன நடக்கிறது என்று அறிய எந்த வழியும் இல்லை. நான் சாலை ஓரக் கல்லில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்றார். ஒரு கையில் என் மணிக்கட்டு, மறு கையில் கிண்ணம். சற்று நேரம் கழித்து, தனக்குத்தானே பேசுவதைப் போலச் சொன்னார்: "உள்ள வைக்கணும் பொட்டை."

அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. ஆனால் அவர் சொன்னது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரத்தைப் பார்க்கிற புரோகிராமில் ஒரு பெயருக்குப் பொருள் விலைப் பகுதியில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. விலைப் பகுதியில் போய்ப் பார்த்தால், அது தரப் பகுதியில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. படிப்பான் இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். ஒவ்வொரு முறையும் திரும்பி வர வழி தெரிய வேண்டுமே என்று ஒரு குறிப்பை வைத்துக்கொண்டே போகும். அந்தக் குறிப்புகளே சேர்ந்து சேர்ந்து, மூச்சுவிட இடமில்லாமல் கம்ப்யூட்டர் நின்றுவிடும். நாங்கள் மூவரும் முந்தலில் செய்தது அதைத்தான்.

பின்னொரு நாள் அவர் எழுதித் தந்த திருத்தத்தைத் தட்டச்சு செய்து ஏற்றியது நான்தான். சில வரிகள்தான். ஓர் இடத்தைக் கேட்டதும் அதற்கு ஒரு அடையாளம் வை. அடையாளம் இருக்கும் இடத்துக்குத் திரும்ப வந்தால் மறுபடி கேட்காதே. இது சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பார். அந்த அடையாளத்துக்கு அவர் ஆங்கில எழுத்தில் வைத்திருந்த பெயர், பொட்டு. படிப்பான் அதன்பின் அந்தப் புரோகிராமைக் கடைசி வரி வரை படித்தது. முதலாளியிடம் காட்டினோம். "நான் அன்னைக்கே வச்சேன்ல" என்றார்.

இரண்டு வருடம் கழித்து அவர் போடியை விட்டுப் போனார். எங்கே என்று பிறகு விசாரித்தேன். மண்டியில் கேட்டால் மதுரையில் வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் சென்னையில் ஒரு கம்பெனியைச் சொன்னார். கம்பெனியில், போடி மண்டியில் கேட்டுப் பாருங்களேன் என்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் மனதுக்குள் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். பொட்டில்லாத ஆள் மிச்சமில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்த மாலை நான் அந்தக் கல்லில்தான் உட்கார்ந்திருந்தேன். மலை நீலமாகி, பிறகு கறுக்கத் தொடங்கியது. நாத்தனார் சாமிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என் மணிக்கட்டை விடாமல், மேல் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

மேலிருந்து விளக்கு வெளிச்சம் வளைவுக்கு வளைவு இறங்கி வந்தது. எங்கள் ஜீப்பு இல்லை. தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பும் ஆட்களின் ஜீப்பு. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வழக்கமான இடத்தில் நின்றது. நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்:

"இங்கன யாராச்சும் பிள்ளையைத் தொலைச்சிருக்கீகளா? சாவடிக் கடையில ஒக்காந்து பழம்பொரி தின்னுக்கிட்டு இருந்துச்சு. கடைக்காரச் சேச்சி எங்க வண்டியில ஏத்திவிட்டா. முந்தல்ல அம்மா நிக்கும்னு பிள்ளைதான் சொல்லுச்சு."

மடி மடியாகக் கைமாறி மலர் கீழே வந்தாள். வாயெல்லாம் எண்ணெய். கையில் பாதிப் பழம்பொரி, நேந்திரம்பழத்தைச் சீவி மாவில் தோய்த்துப் பொரித்தது. கல்லில் உட்கார்ந்தபடியே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அக்கா என் மணிக்கட்டை விட்டார்.

மலர் என்னிடம் ஓடி வரவில்லை. சாலை நடுவில் நின்று, விளக்கு வெளிச்சத்தில் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சித்தப்பாவைத் தவிர எல்லோரும் இருந்தோம். டிரைவர்கள், சமையல்காரர், அத்தை, நான். பிறகு அக்காவின் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் உதடு பிதுங்கியது.

"எல்லாரும் பொட்டு வச்சிருக்கீங்க" என்றாள். "எனக்கு மட்டும் ஏன் வைக்கல?"